மாத்தறை வைரமும் மலைநாட்டுத் தோடும்

தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஹற்றன் கடைவீதி எவ்வாறிருக்கும் என்பதைத் தோட்டப் பகுதிகளிலே கற்பித்த ஆசிரியர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. தோட்டத்திலே முற்பணம் கொடுத்த மறுநாட் காலை, டிக்கோயாவிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் வருகின்ற பஸ்களெல்லாம் நிறைந்து வழியும். முதலிலே பிள்ளைகளுக்குத் துணி. பின்பு மாவும் எண்ணெயும் சீனியும். அதற்கும் பின்பு கையிலே ஏதேனும் மிஞ்சினால்தான் தோடும் வளையலும். அந்தத் தோடும் தங்கத் தோடன்று. அட்டையிலே குத்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்திருக்கும் வெள்ளைக்கல் தோடு. விளக்கொளியிலே அது சிதறுகின்ற நிறங்களைப் பார்த்தவாறு சிறுமியர் கடைவாசலிலே கண்கொட்டாமல் நிற்பார்கள்.

"அமெரிக்கன் டயமண்ட் அக்கா, கறுக்காது" என்றான் கடைப் பையன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய், கொழுந்தின் கறை படிந்த விரல்களால் அத்தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது வைரமா, வைரமில்லையா என்று அவள் கேட்கவில்லை. "கல்லு விழுந்திராதே தம்பி?" என்றுதான் கேட்டாள்.

நம்முடன் நின்ற நண்பரொருவர், "எல்லாம் போலி. வயிற்றுக்கே இல்லாத இடத்திலே இந்தப் பகட்டு எதற்கு?" என்று நம் காதோடு சொன்னார். நண்பர் நல்லவர், தொழிலாளர் கூட்டங்களிலே மனமுருகப் பேசுபவர். ஆயினும் அந்தப் 'போலி' என்ற சொல் நம் நெஞ்சை உறுத்திற்று. எதற்குப் போலி? யாருடைய அளவுகோலிலே போலி? இதற்கு விடை தேடப் புகுந்தபோதுதான், அந்த மலிவுத் தோட்டின் கல் நம் இலங்கை மண்ணோடு இருநூறு ஆண்டுக்கு மேலான உறவுடையது என்பது நமக்குத் தெரியவந்தது.

அக்கல்லுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் கனவடிவ சிர்க்கோனியா. சிர்க்கோனியம் என்னும் உலோகமும் ஒட்சிசனும் சேர்ந்து உண்டானது. அவ்வுலோகம் உலகத்திலே உண்டு என்பதை முதன்முதலில் கண்டறிந்தவர் மார்ட்டின் ஹைன்றிச் கிளாப்ரோத் என்ற ஜெர்மானிய இரசாயனர். ஆண்டு 1789. பாரிஸ் நகரத்து மக்கள் பஸ்தில் சிறையை உடைத்த அதே ஆண்டிலே, பேர்லினிலே தம் ஆய்வுகூடத்தில் அவர் கரைத்தும் காய்ச்சியும் பார்த்த கல் இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கோன் கல். அதனுள்ளே அதுவரை எவரும் பெயரிட்டறியாத ஒரு மண்பொருளை அவர் கண்டார். அதிலிருந்து உலோகத்தைத் தூய்மை குறைந்த தூளாகவேனும் பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டுப் பெர்சீலியஸ், அது 1824இலே. இன்று உலகமெங்கும் விற்பனையாகும் இலட்சக்கணக்கான வெள்ளைக் கற்களின் மூலப்பொருள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இலங்கைக் கல் ஒன்றிலே என்பது நம் பாடநூல்களிலே வரத்தக்க செய்தி.

இங்கே மாணவர்கள் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். சிர்க்கோன் வேறு, சிர்க்கோனியா வேறு. சிர்க்கோன் மண்ணிலே கிடைப்பது. சிர்க்கோனியமும் சிலிக்கனும் ஒட்சிசனும் கலந்தது. சிர்க்கோனியா உலையிலே ஆக்கப்படுவது. அதிலே சிலிக்கன் இல்லை. ஒன்று பாட்டி, மற்றது பேத்தி எனலாம். ஆனால் வைரத்துக்கு மாற்றாக மனிதர் காதிலும் மூக்கிலும் ஏறிய வரலாறு இரண்டுக்கும் உண்டு. அவ்வரலாற்றிலே பாட்டியின் பங்கு மாத்தறையிலே தொடங்குகின்றது.

இலங்கையின் தென்கரையிலே மாத்தறைப் பகுதியிற் கிடைத்த நிறமற்ற சிர்க்கோன் கற்கள் 'மாத்தறை வைரம்' என்ற பெயரிலே ஐரோப்பாவரை சென்றன. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளிலே அவற்றைத் தரங்குறைந்த வைரமென்றே பலர் நம்பியிருந்தனர். இயற்கையாகவே நிறமற்றிருந்த கற்கள் சில. பழுப்பும் வெளிர்நிறமுமாக இருந்தவற்றை நெருப்பிலிட்டு நிறம் போக்கியவை பல. நிறத்தை நெருப்பினால் நீக்கும் அந்தக் கைத்திறனை எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. தந்தையிடமிருந்து மகன் கற்றான். இங்கே இன்னொரு சொல்லையும் நினைவுகூரலாம். பலவகைக் கற்களுக்கும் பொதுவாகச் சிங்களத்தில் வழங்கிய 'தோரமல்லி' என்னும் பெயரிலிருந்துதான் ஐரோப்பியர் 'தூர்மலின்' என்ற பெயரை ஆக்கிக்கொண்டனர். கல்லையும் கொண்டு சென்றார்கள். பெயரையும் கொண்டு சென்றார்கள். 'தரங்குறைந்த வைரம்' என்ற பட்டத்தை மட்டும் இங்கே விட்டுச் சென்றார்கள்.

உண்மையிலே சிர்க்கோன் தரங்குறைந்த வைரமன்று; தனக்கென இயல்புடைய தனிக் கல். ஒளியை அது முறிக்கும் ஆற்றல் வைரத்தை நெருங்கிவரும். ஆனால் ஓர் ஒளிக்கதிரை இரண்டாகப் பிளக்கும் குணம் அதற்குண்டு. ஆகையால் உருப்பெருக்கியினூடே நோக்கினால் கல்லின் பின்புறத்து விளிம்புகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். நகை வாணிகர் அதைக் கொண்டே அதைப் பிரித்தறிவர். கடினத்திலே அது வைரத்துக்கு மிகவும் பின்தங்கியது; நாள்படப் பட்டைகளின் ஓரம் தேயும். மறுபுறத்திலே வயதென்று பார்த்தால், பூமியிலே இதுவரை கண்டறியப்பட்ட மிகப் பழைய கனியத் துணுக்குகள் சிர்க்கோன்களே. அவுஸ்திரேலியாவின் மேற்கே கிடைத்த அவற்றின் வயது ஏறக்குறைய 440 கோடி ஆண்டு. 'போலி' என்று நாம் இகழ்கின்ற குலத்தின் தொன்மை இது!

சரி, மாத்தறைக்கும் மலைநாட்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். கல்லுக்கு ஊர்ப்பெயர் கடற்கரையிலே கிடைத்தாலும் அதன் பிறப்பிடம் பெரும்பாலும் மலையிலேதான். கோடானுகோடி ஆண்டு மழையிலே மலைநாட்டுப் பாறைகள் கரைந்தன. கரையாத கடினக் கற்களை ஆறுகள் உருட்டிச் சென்று பள்ளத்தாக்குகளிலே சரளையாகப் படியவைத்தன. அச்சரளைப் படையைத்தான் மாணிக்கம் அகழ்வோர் 'இல்லம்' என்கின்றனர். இரத்தினபுரிக்கே அதனால் பெயர். ஆயின் மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவிலேயும் இல்லம் உண்டு. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு மாணிக்கத்துக்குப் பேர்போன இடம். 1848இலே நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றம் ஒன்றை அமைக்க வந்த சாமுவேல் பேக்கர், 1855இலே வெளியிட்ட நூலில், அவ்வூர்ச் சமவெளியிலே பழைய அகழ்குழிகள் கிடந்ததையும் அவை முன்னாள் அரசர் காலத்து மாணிக்கத் தேட்டத்தின் எச்சம் என்று தாம் கருதியதையும் எழுதியிருக்கின்றார். கோப்பியும் தேயிலையும் ஏறுவதற்கு முன்பே அம்மலைகளிலே மனிதர் குனிந்து கல் பொறுக்கினர்.

பின்னர் வந்தவர்கள் குனிந்தது வேறு வேலைக்கு.

1867ஆம் ஆண்டை வரலாற்று மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டிலே ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரிலே தேயிலை நட்டார். அதே ஆண்டிலே தென்னாபிரிக்காவில், ஒறேஞ்சு ஆற்றின் கரையருகே சிறுவனொருவன் விளையாடக் கண்டெடுத்த கல் வைரமென்று தெரியவந்தது. இரண்டு மலைகளையும் தோண்டுவதற்குக் கைகள் வேண்டியிருந்தன. இங்கே திருச்சி, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து பஞ்சத்தால் வாடிய மக்கள் கங்காணிமார் பின்னே நடந்து வந்து எட்டடிக் காம்பராக்களிலே அடைபட்டனர். அங்கே கிம்பர்லியிலே கறுப்பினத் தொழிலாளர்கள், ஒப்பந்தம் முடியும்வரை வெளியேற முடியாத வேலியிட்ட முகாம்களிலே அடைபட்டனர். வெளியேறும்போது கல்லை விழுங்கியிருக்கின்றனரோ என்றுகூடச் சோதிக்கப்பட்டனர். 1888இலே செசில் ரோட்சு அச்சுரங்கங்களை ஒரே நிறுவனத்தின் கீழே கொண்டுவந்தார். அதன் பெயர் டீ பியர்ஸ். வைரம் மலைமலையாகக் கிடைக்கத் தொடங்கிய பின்பும் அதன் விலை வீழாமல் நின்றது எப்படியென்ற புதிருக்கு விடை அங்கேதான் இருக்கின்றது. கல்லை வெளியே விடுகின்ற வாயில் ஒன்றே. அதைத் திறப்பதும் மூடுவதும் ஒரு கையே. 1947இலே அந்நிறுவனத்துக்காக ஓர் அமெரிக்க விளம்பர நிலையத்தில் எழுதப்பட்ட வாசகம்தான், வைரம் என்றென்றும் நிலைப்பது என்னும் பொருளுடைய அந்தப் புகழ்பெற்ற நான்கு சொற்கள். அருமையும் அன்பும் அவ்வாறு ஒரே கடையிலே விற்பனைக்கு வந்தன.

வைரத்தின் மதிப்பு முற்றும் விளம்பரத்தால் வந்ததென்று நாம் சொல்லவரவில்லை. மதுரை மணிக்கடை வீதியிலே வைரத்தின் குற்றங்களை எண்ணி ஆராய்ந்த செய்தியைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை கூறுகின்றது. கோல்கொண்டா உலகுக்கே வைரம் கொடுத்தது. கண்ணகியின் வழக்கே சிலம்பினுள் இருந்தது முத்தா, மாணிக்கமா என்பதிலே தீர்ந்தது. கல்லைப் பார்க்கத் தெரிந்த மக்கள் நாம். ஆனால் கல்லின் அழகு வேறு, அதன் விலை வேறு, அதை அணிவோரின் மானம் வேறு. இம்மூன்றையும் ஒன்றென்று கருதும்போதுதான் நம் நண்பரின் வாயிலே 'போலி' என்ற சொல் வருகின்றது.

இப்போது மலைநாட்டுப் பெண்ணின் காதுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கொழும்பு நிழற்பட நிலையங்கள் அச்சிட்டு விற்ற அஞ்சலட்டைகளிலே கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களைக் காணலாம். தோள்வரை தொங்கும் காது, அதிலே கனத்த அணி, மூக்கின் இருபுறமும் அணி, கையிலே காப்பு, காலிலே தண்டை. இலண்டன் மாளிகையொன்றிலே தேநீர் அருந்தியவாறு அப்படத்தை நோக்கிய சீமாட்டி, இம்மக்கள் செழிப்போடு வாழ்கின்றார்கள் என்று எண்ணியிருப்பாள். அவளுக்குக் கங்காணியின் கணக்குப் புத்தகத்தை எவரும் காட்டவில்லை. வழிச்செலவு, அரிசி, கலியாணம், கருமாதி எல்லாம் அக்கணக்கிலே கடனாக ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் அக்கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டைப் புதிய துரை பணங்கொடுத்து மீட்கவேண்டும். கடன் தீர்வதில்லை, ஆள் கைமாறுவதுதான் நடந்தது. 1921இலேதான் சட்டத்தினால் துண்டு முறை ஒழிந்தது.

இத்தகைய வாழ்விலே ஒரு பெண் தன் உடம்பிலே அணிந்த பொன்னும் வெள்ளியும் எதற்காக? நிலமில்லை, அவள் குடியிருந்த காம்பரா துரையினுடையது, அடுப்பங்கரையிலே நட்ட கீரைப்பாத்திகூட தோட்டத்துக்குச் சொந்தம். வங்கியின் வாசற்படியை அவள் கண்டதில்லை. பிள்ளை காய்ச்சலிலே கிடந்தால், பேறுகாலம் சிக்கலானால், ஊரிலே தாய் செத்தாளென்று கடிதம் வந்தால் உடனே பணமாகத்தக்க பொருள் ஒன்றேதான்: காதிலிருப்பது. நகை அவளுக்கு அலங்காரம் என்பது பாதி உண்மை. அவளுடைய சேமிப்பும் காப்புறுதியும் இளைப்பாற்று நிதியும் அதுவே. துரைமாரின் கணக்குப் புத்தகத்துக்கு எட்டாத ஒரே சொத்து அது என்றும் சொல்லலாம்.

அச்சொத்தைச் சேர்ப்பது அன்று எவ்வளவு கடினம், இன்று எவ்வளவு கடினம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிர்ணயிக்கப்பட்டு 1929இலே நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி, மலைநாட்டிலே ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அக்காலத்து ஒரு பவுன், அதாவது தங்க நாணயம், சட்டப்படி 13 ரூபாவும் ஒரு ரூபாவின் மூன்றிலொரு பங்கும் பெற்றது. ஆகவே ஒரு பெண்ணின் 31 நாட் கூலி ஒரு பவுன். இனி நம் காலத்துக்கு வருவோம். 2024 செப்டெம்பரிலே வர்த்தமானியில் வெளியான அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. 2025இன் பிற்பகுதியிலே ஒரு பவுனின் விலை மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டியது. வகுத்துப் பாருங்கள்: 220 நாளுக்கு மேல். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்பதைத் தொழிலாளர் 1984இலே போராடிப் பெற்றனர். அவ்வெற்றியைச் சிறிதாக்க நாம் விரும்பவில்லை. ஆனால் தங்கத்தினால் அளந்தால், 43 சதக் கூலி பெற்ற பூட்டிக்கு 31 நாளிலே எட்டிய பவுன், பூட்டியின் பேத்திக்கு ஏழு மடங்கு தூரம் விலகிப் போயிருக்கின்றது. ஒருவேளை உணவும் உண்ணாமல் 220 நாட் கூலியை முழுதாகச் சேர்த்தால்தான் அப்பவுன் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடைவெளியிலேதான் வெள்ளைக்கல் தோடு வந்து நிற்கின்றது.

அதனுடைய பிறப்பு விசித்திரமானது. செயற்கை வைரக்கல் செய்யும் முயற்சி 20ஆம் நூற்றாண்டு முழுவதும் நடந்தது. கண்ணாடி, வெண்ணீலம், இன்னும் பல பொருள்கள் வந்து போயின. அவற்றை விரிக்கத் தேவையில்லை. சிர்க்கோனியாவிலே ஒரு பெரும் இடையூறு இருந்தது. அது உருகுவதற்கு ஏறக்குறைய 2,700 பாகை வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்திலே உருகாத, கலக்காத பாத்திரம் எதுவும் கிடைக்கவில்லை. மொஸ்கோவிலே லெபடேவ் பெளதிக நிலையத்து விஞ்ஞானிகள் – ஒசிக்கோ முதலியோர் – பாத்திரம் இல்லாமலே உருக்கும் வழியைச் செம்மைப்படுத்தினர். செப்புக் குழாய்களுக்குள் நீரோடச் செய்து, அவற்றின் நடுவே சிர்க்கோனியாத் தூளை இட்டு, உயர் அதிர்வெண் மின்னலையால் உள்ளே மட்டும் உருக்குவது. வெளிப்புறத் தூள் குளிர்ந்து ஓடுபோல் உறைந்து நிற்க, அந்த ஓடே உள்ளே கொதிக்கின்ற குழம்புக்குப் பாத்திரமாகின்றது! சோற்றுப் பானையைச் சோறே செய்துகொண்டது போன்ற வித்தை. அறை வெப்பத்திலும் கனவடிவம் குலையாமலிருக்கச் சிறிது இத்திரியமோ கல்சியமோ சேர்ப்பார்கள். அவர்கள் தேடியது நகைக் கல்லையன்று. லேசர்க் கருவிகளுக்கான பளிங்கை. 1973இலே செய்தி வெளியாயிற்று. நிலையத்தின் பெயர்ச்சுருக்கத்தைக் கொண்டே அக்கல்லுக்கு 'பியானித்' என்று பெயரிட்டனர். 1976 முதல் அது நகைக்கடைகளுக்கு வந்தது. அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் ஆலைகள் எழுந்தன. பின்னாளிலே கிழக்காசியா அவற்றை முந்தியது.

சோவியத் நாட்டு ஆய்வுகூடத்திலே செம்மையுற்ற கல்லுக்கு நம் கடைவீதியிலே வழங்கும் பெயரோ 'அமெரிக்கன் டயமண்ட்'! வாணிகம் எவ்வளவு குறும்புடையது பாருங்கள்.

கல் நல்ல கல்தான். கடினத்திலே சிர்க்கோனை விஞ்சும். ஒளியை நிறங்களாகச் சிதறுவதிலே வைரத்தையே விஞ்சும். கடைக்கு வெளியே நின்ற சிறுமியின் கண்ணுக்கு அது வைரத்தினும் அழகாகத் தெரிந்தால், குற்றம் அவள் கண்ணிலில்லை. பெளதிகம் அவள் பக்கம் நிற்கின்றது. ஒரே அளவான வைரத்தினும் ஒன்றரை மடங்குக்கு மேல் கனமாயிருப்பதால் நிறுத்துப் பார்த்தும் அதை அறியலாம்.

இக்கல்லின் பட்டைகளிலே இன்னொரு கூட்டத்தாரின் வியர்வையும் இருக்கின்றது. அவர்கள் மலைநாட்டு மக்களுக்கு அந்நியரல்லர். திருச்சிராப்பள்ளியையும் புதுக்கோட்டையையும் சூழ்ந்த சிற்றூர்களிலே செயற்கைக் கல் பட்டை தீட்டுவது நெடுங்காலக் குடிசைத் தொழில். நம் முன்னோர் கங்காணி பின்னே நடந்து புறப்பட்ட அதே வறண்ட கிராமங்கள் அவை. மழை பொய்த்த நிலத்திலே மிஞ்சியிருந்தவர்கள் சுழல்கின்ற தட்டின் முன்னே அமர்ந்து, கடுகளவு கல்லைக் குச்சியின் நுனியிலே ஒட்டிப் பட்டை தீட்டினர். கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. சிறுவரும் சிறுமியரும் பள்ளிக்குப் போகாமல் அத்தட்டின் முன்னே அமர்ந்திருந்தனர். 1990களிலிருந்து சீனத்து இயந்திரங்கள் தீட்டிய கல் மலிவாக வந்து குவிந்தபோது அத்தொழில் சரிந்தது. பல்லாயிரவர் கைத்திறன் வீணாயிற்று. மலைநாட்டுத் தங்கையின் தோடு மலிந்ததற்கும் திருச்சி அண்ணனின் தட்டு நின்றதற்கும் காரணம் ஒன்றே. மலிவு என்பதை நாம் புகழும்போது இதையும் மறக்கலாகாது.

அவ்விரு கூட்டமும் நடுவிலே ஒருமுறை மீண்டும் சந்தித்ததுண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரிலே சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டது. தலைமன்னாரிலே கப்பலேறியவர்கள் தம் வாழ்நாள் தேட்டத்தை எந்த உருவிலே கொண்டு செல்வது? காசாகக் கொண்டுசெல்ல நாணயக் கட்டுப்பாடு; பொன்னாகக் கொண்டுசெல்லச் சுங்கக் கட்டுப்பாடு. இந்தியாவிலோ 1963 சனவரி முதல் 14 கரட்டுக்கு மேற்பட்ட தங்கத்திலே புதுநகை செய்வதே சில ஆண்டுகளுக்குத் தடையாயிருந்தது. பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். மண்டபம் முகாமிலே வந்திறங்கிய குடும்பங்களின் முதல் மாதச் சோறு பெரும்பாலும் பெண்களின் காதிலிருந்து வந்தது என்று அவர்கள் வழிவந்தோர் சொல்ல நாம் கேட்டிருக்கின்றோம்.

கல்லின் தாய்மண் விடயத்துக்கும் ஒருமுறை திரும்பவேண்டும். சிர்க்கோனியாவுக்கு வேண்டிய மூலப்பொருள் இன்று உலகெங்கும் கடற்கரை மணலிலிருந்து எடுக்கப்படுகின்றது. இலங்கையின் கிழக்குக் கரையிலே புல்மோட்டை மணலிலே சிர்க்கோன் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் உண்டு. புல்மோட்டை மணலைப் பிரித்தெடுக்க 1957இலே அரசாங்கக் கூட்டுத்தாபனம் அமைந்தது. ஆனால் அம்மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகின்றது. கல்லாகித் தோடாகி அட்டையிலே குத்தப்பட்டுத் திரும்பிவருகின்றது. தேயிலையை மூட்டையாக அனுப்பிவிட்டுப் பிறநாட்டுப் பெயர் பொறித்த பெட்டியிலே வாங்கிக் குடித்த நாட்டுக்கு இது புதுமையன்று.

மலையிலே கிடக்கும் மாணிக்கமோ? 1971இலே இரத்தினக்கல் கூட்டுத்தாபனமும் 1993இலே தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகார சபையும் அமைந்தன. அகழ அனுமதி வேண்டுமானால் நிலத்தின்மேல் உரிமை காட்டவேண்டும், அல்லது உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தோட்டங்கள் 1970களிலே அரசுடைமையாயின. 1992இலே கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போயின. எப்போதும் லயத்திலிருந்தவர் கையிலே நிலப்பத்திரம் இருந்ததில்லை. பொகவந்தலாவைப் பக்கத்திலே ஆற்றோரம் இரவிலே களவாக மாணிக்கம் அகழ்ந்தவர்கள் பிடிபட்ட செய்தி நாளிதழ்களிலே அடிக்கடி வருகின்றது. ஐந்து தலைமுறையாக அம்மண்ணின் மேலே நடந்தவனுக்கு அதன் கீழே கைவைத்தால் குற்றம்.

இவ்வளவையும் கேட்ட நம் நண்பர், "அப்படியானால் வெள்ளைக்கல் தோட்டை வரவேற்கவேண்டும் என்கிறீர்களா?" என்று கேட்டார். ஆம் என்று உடனே சொல்ல நாவெழவில்லை. பகட்டுக்காகக் கடன்படாமல் ஒரு பெண் தன் மகளின் காதை அழகுசெய்ய முடிகின்றது என்பது நன்மைதான். திருமணச் சந்தையிலே "இத்தனை பவுன்" என்று கேட்பவனின் வாயை அத்தோடு அடைக்கவில்லை என்பது வேறு. அந்தக் கேள்வியை அடைக்க வேண்டியது கல்லன்று, நாம். ஆனால் பழைய பொன்தோடு செய்த வேலையை வெள்ளைக்கல் தோடு செய்யாது. அதை எந்த அடகுக்கடையும் ஏற்காது. அலங்காரம் மலிந்தது, சேமிப்பு மறைந்தது. அவ்விரண்டையும் ஒரே பொருள் சுமந்திருந்த காலம் போய்விட்டது என்பதுதான் உண்மை.

இதிலே வைரத்தின் நிலையும் வேடிக்கையானது. அடகுக் கடையிலே நகையை நிறுக்கும்போது கல்லின் எடையைக் கழித்துவிட்டுப் பொன்னை மட்டுமே கணக்கிடுவார்கள். பதித்தது வைரமானாலும் சிர்க்கோனானாலும் கண்ணாடியானாலும் பெரும்பாலும் கழிவு ஒன்றே. சீமாட்டியின் மோதிரத்திலே என்றென்றும் நிலைக்கின்ற கல், ஹற்றன் அடகுத் தராசிலே வெறும் கழிவு.

கடைவீதியிலே கண்ட அத்தாயிடம் பின்பு பேச வாய்ப்புக் கிடைத்தது. அவளுடைய மகன் உயர்தரம் படிப்பவன். சொந்தத் தோடு எங்கே என்று நாம் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். ஒரு சோடி தங்கத்தோடு, அம்மா போட்டுவிட்டது, சிவப்புக்கல் பதித்தது. மகனின் வகுப்புக் காசுக்கும் கொப்பிக்கும் வங்கியிலே வைத்து ஒன்றரை வருடமாகின்றது. வட்டி கட்டித் திருப்பி வைத்திருக்கின்றாள். வெறுங்காதோடு பெரட்டுக்குப் போனால் நாலு பேர் கேட்பார்கள், அதனால்தான் இது. சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து அடகுச்சீட்டை எடுத்துக் காட்டினாள். தோடு ஒரு சோடி என்றும், கல் எடை கழித்து இத்தனை கிராம் என்றும் அதிலே எழுதியிருந்தது. மீட்கவேண்டிய திகதி தை மாதத்திலே வருகின்றது. சீட்டை மடித்து மறுபடி முடிந்துகொண்டு, புதுத் தோட்டை அங்கேயே காதிலே மாட்டிக்கொண்டு, மஸ்கெலியா பஸ் புறப்படுமுன் ஏறவேண்டுமென்று அவள் விரைந்து போனாள்.